எட்டாம் கம்பத்து எலும்பு

பலகையில் இருபத்துநான்கு ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு மர வில்லை, வில்லையில் சுட்டுப் பொறித்த எண். காப்பகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், வெளியே வந்ததும் அவரவர் கையாலேயே திருப்பி மாட்ட வேண்டும். கடல் ஏறுகிற நேரத்தில் உள்ளே எவரும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பலகை நிறைந்துவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். கதவைப் பூட்டிவிடலாம்.

மூன்றே முக்காலுக்குப் பலகை நிறைந்திருந்தது. ரேஞ்சர் ஒவ்வொரு வில்லையையும் விரலால் தொட்டு எண்ணினார், இருபத்துநான்கு. எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சரும் மனசுக்குள் கூடவே எண்ணினாள். அவளுக்கும் இருபத்துநான்குதான் வந்தது. அவள் தங்கை உள்ளே இருந்தாள்.

டீச்சர் என்றால் அறிவியல் டீச்சர். அவள் வகுப்பறையின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் குளவிக்கூடு, பாம்புச் சட்டை, ஆமை ஓடு, சுறாவின் பல், பாட்டிலில் ஒரு தேள். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவளை மியூசியம் என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும், உள்ளூரப் பெருமைதான். எங்கே போனாலும் வகுப்புக்கு ஏதாவது ஒன்றைக் கொண்டுவராமல் திரும்பினால் அவளுக்குத் தூக்கம் வராது. இயற்கையைத் தொடாதே, பார்த்து ரசி என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவளும் அவளேதான். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாமா என்பது ஏனோ அவளுக்கு உறைத்ததே இல்லை.

அடுத்த மாதம் நாற்பது பிள்ளைகளை இந்தக் கடலோரக் காப்பகத்துக்குக் கூட்டிவரப் போகிறாள். எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துப் போகத்தான் இன்றைக்கு வந்தாள். துணைக்குத் தங்கை. தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் முழுக்க ஊரான் எலும்பைப் பார்க்கிற உனக்கு லீவு நாளிலும் எலும்பா என்று அக்கா கிண்டல் செய்ததற்கு, இந்த எலும்புகள் பேசாமல் படுத்திருக்கும், அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க என்று நான் கத்த வேண்டாம் என்றாள்.

காலையில் வாசலிலேயே ரேஞ்சர் விதிகளைச் சொன்னார். ஒல்லியான, ஐம்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் பைனாகுலர். எதைச் சொன்னாலும் ரகசியம் சொல்கிற குரலில்தான் சொல்வார். இருபது வருஷமாகக் கூடுகளுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்ததில் குரல் அப்படி ஆகிவிட்டதாம். பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. கயிற்றைத் தாண்டக் கூடாது. குன்றின் முகப்பில் பறவைகள் அடைகாக்கின்றன, சத்தம் கேட்டால் ஒரேயடியாக எழும்பும், எழும்பும்போது முட்டைகள் உருண்டு விழும், அதனால் உள்ளே பேச்சே வேண்டாம். ஒரு கூழாங்கல்லைக்கூட இடம் மாற்றக் கூடாது. ஓர் எலும்பு எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது, இடத்தை விட்டுப் பெயர்த்துவிட்டால் அது வெறும் கல் என்றார். டீச்சர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அடிக்கோடும் போட்டாள்.

கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரிகிற பாறைத் தளம் அது. குன்றை ஒட்டி அதன்மேல் பலகைப் பாதை போகிறது, வழிநெடுக எண் போட்ட ஒன்பது கம்பங்கள். ஐந்தாம் கம்பம் வரைக்கும் வாசலிலிருந்தே தெரியும். அதற்கப்புறம் குன்று மூக்கை நீட்டி மறைத்துவிடும். எட்டாம் கம்பத்தில்தான் விசேஷம். எந்தக் காலத்திலோ நீந்திய ஒரு பெரிய பிராணியின் துடுப்பு, கறுப்புப் பாறையில் அப்படியே பதிந்து கிடக்கிறது. ஐந்து விரல் வரிசை, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன எலும்புகள். தங்கை கயிற்றுக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்து ஒன்பதாம் கம்பத்துக்கு நகர்ந்தாள்.

அப்போதுதான் டீச்சர் கயிற்றைத் தாண்டினாள். ஐந்தாம் வரிசையின் கடைசி எலும்பு பால் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எப்படியும் நாலு அலையில் போகப்போகிறது, அலமாரிக்கு வந்தால் நாற்பது பிள்ளைகள் பார்க்கும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். கொண்டை ஊசியால் ஒரே ஒரு நெம்பு. எலும்பு உள்ளங்கைக்கு வந்துவிட்டது. எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.

மாட்டிக்கொண்டது தங்கையிடம். மூன்று மணிக்கு வெளியே வந்து வில்லைகளை மாட்டிவிட்டு, கழிப்பறையில் முகம் கழுவிய கையோடு அவள் டிஷ்யூ தேடி அக்காவின் கைப்பைக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்ததை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்க்கிற அதே பார்வை.

“விரல் எலும்பு” என்றாள். “முறிவு புதுசு. பழைய முறிவுன்னா ஓரம் மழுங்கியிருக்கும். எங்கே எடுத்த?”

கயிற்றைத் தாண்டி, ஊசியால் நெம்பினேன் என்று சொன்னால் இவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? இரண்டாம் கம்பத்துக்குப் பக்கத்தில் சும்மா கீழே கிடந்தது, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்றாள்.

தங்கை எலும்பைப் பார்த்தாள், அப்புறம் அக்காவைப் பார்த்தாள். ரேஞ்சர் கையிலேயே கொடுத்துவிடலாம், ஒரு திட்டோடு போகும் என்றாள். டீச்சருக்கு உயிரே போய்விட்டது. நாற்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்று காலையில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். புகார் பள்ளிக்கூடத்துக்குப் போகும், வேலை போகும், ஊர் முழுக்கச் சிரிக்கும், மியூசியம் டீச்சர் கையும் களவுமாகப் பிடிபட்டாள் என்று பிள்ளைகள் சுவரில் எழுதும். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

தங்கைக்கு அக்கா அழுதால் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சரி, அழாதே, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், நீ பேசாமல் உட்கார் என்றாள். அவள் போட்டிருந்த சட்டையில் பை இல்லை. ஃபோனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, எலும்பைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். ரேஞ்சர் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போன நேரம் பார்த்து, கதவு இடுக்கில் நுழைந்து உள்ளே போனாள். அப்போது மணி மூன்று பத்து. வில்லை எடுக்கவில்லை. எடுத்தால் பலகையில் ஓர் ஆணி காலியாகத் தெரியும், ரேஞ்சர் கேட்பார். பதினோராம் எண் ஆணியில் அவள் வில்லை அசையாமல் தொங்கியது.

இரண்டாம் கம்பத்துக்குப் போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். மூன்றரை ஆனது. டீச்சர் தங்கைக்கு ஃபோன் போட்டாள். அது அவள் மடியிலிருந்த கைப்பைக்குள்ளேயே அடித்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மூன்றே முக்காலுக்கு ரேஞ்சர் பைனாகுலரை எடுத்துக் கரையை ஒரு தடவை பார்த்தார். ஐந்து கம்பங்களும் வெறிச்சோடிக் கிடந்தன. பலகையை எண்ணினார். சாவிக்கொத்தை எடுத்தார். பஸ் நாலு மணிக்கு வரும், தங்கச்சி எங்கே என்று போகிற போக்கில் கேட்டார். டீச்சர் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள். காட்டியது அவள்தான், ஆனால் கை யாருடையதோ போலிருந்தது.

பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்குப் பின் டீச்சர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டால், ஐந்து நிமிஷம்தான். ஐந்து நிமிஷமும் அவள் கணக்குப் போட்டாள். தங்கை வேறு வழியாக வந்திருப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பாள், இதோ தட்டுவாள். தட்டினால் ஏதாவது சமாளித்துக்கொள்ளலாம். இப்படி நினைக்கும்போதே காதில் கடல் சத்தம் விழுந்தது. காலையில் எங்கோ தூரத்தில் கேட்ட சத்தம், இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது. எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேடம்” என்றாள். “என் தங்கச்சி உள்ளே இருக்கா.”

ரேஞ்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். இருபத்துநான்கும் இருக்கிறதே என்றார். டீச்சர் மென்று விழுங்கிச் சொன்னாள்: கீழே கிடந்த ஒரு எலும்பைத் தெரியாமல் எடுத்துவிட்டேன், இரண்டாம் கம்பத்துக்குப் பக்கத்தில், அதைத் திரும்ப வைக்கத்தான் போனாள், வில்லை இல்லாமல் போனாள், மூன்று பத்துக்குப் போனாள். ரேஞ்சரின் முகத்தில் கோபம் வரும் என்று பயந்துகொண்டிருந்தாள். கோபம் வரவில்லை. அந்த முகத்தில் இருந்த ரத்தம்தான் இறங்கிப்போனது. அதைப் பார்த்தபின் டீச்சருக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

அவ்வளவு அவசரத்திலும் ரேஞ்சர் முதலில் பலகைக்குத்தான் போனார். பதினோராம் வில்லையைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டார். பன்னிரண்டாவதை டீச்சர் கழுத்தில் மாட்டினார்.

“உள்ளே இருக்கிறவங்க வில்லை பலகையில இருக்கக் கூடாது” என்றார். “நம்மளையும் தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டா, எத்தனை பேரைத் தேடணும்னு வர்றவங்களுக்குத் தெரியணும்.”

வயர்லெஸ்ஸில் சொன்னார். ஊரிலிருந்து ஆள் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. அந்தப் பாறைகளுக்கு நடுவே படகும் வராது. கதவைத் திறந்துகொண்டு இருவரும் பலகைப் பாதையில் இறங்கி ஓடினார்கள். காலையில் காய்ந்து கிடந்த பலகைகளின் இடுக்கில் இப்போது தண்ணீர் கொப்பளித்தது. இரண்டாம் கம்பம் வந்தது. ரேஞ்சர் பாறைக்குப் பாறை குனிந்து பார்த்தார். வெள்ளைப் பாறை, சிப்பிகள், நண்டு. ஆள் இல்லை. கைக்குட்டை இல்லை. கொஞ்சம் தள்ளி நாலாம் கம்பத்தின் காலைத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சருக்குத் தெரியும். ஓடி வரும்போதே தெரியும். தங்கை இங்கே இருக்க மாட்டாள். எதையும் அது இருந்த இடத்தில் பொருத்திப் பார்க்காமல் விடுகிறவள் இல்லை அவள். இங்கே பொருந்தாது என்றால் பொருந்துகிற இடத்தைத் தேடிப் போயிருப்பாள். தெரிந்தும் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பாறைக்குப் பின்னாலிருந்தாவது அவள் எழுந்து வந்துவிட மாட்டாளா, வந்துவிட்டால் பாதி உண்மையோடு போகுமே என்று அந்த நிலையிலும் ஒரு நப்பாசை. அப்படி நினைத்ததற்காக அவள் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே காறித் துப்பிக்கொள்ளப் போகிறாள். ஆனால் நினைத்தாள் என்பது நிஜம்.

ரேஞ்சர் நிமிர்ந்தார்.

“இங்கே இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மேடம். கீழ்வழியா போனா அஞ்சாம் கம்பம் வரைக்கும் தேடலாம். குன்று மேல ஏறிப் போனா எட்டாம் கம்பத்துக்கு மேல ஏணி இருக்கு, அதை இறக்கலாம். ரெண்டும் செய்ய நேரம் இல்லை. எங்கே எடுத்தீங்க?”

ஓர் அலை பலகைக்கு மேல் ஏறி டீச்சரின் பாதத்தை நனைத்தது. சில்லென்ற அந்தத் தண்ணீர் இப்போது தங்கைக்கு எதுவரைக்கும் இருக்கும் என்று நினைத்தாள்.

“எட்டு” என்றாள். “எட்டாம் கம்பம். கீழே கிடக்கலை. நான்தான் நெம்பி எடுத்தேன்.”

ரேஞ்சர் திரும்பி ஓடினார். டீச்சர் பின்னால் ஓடினாள். வாசலைக் கடந்து, ரேஞ்சர் தங்குகிற குடிசையின் பின்பக்கம் செங்குத்தாக ஏறுகிற ஒற்றையடிப் பாதை. ஒரு செருப்பு அறுந்தது, இன்னொன்றை அவளே உதறினாள். வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளி விளையாட்டு விழாவில் கொடி பிடிப்பதைத் தவிர வேறு ஓட்டம் அறியாத உடம்பு. நெஞ்சு வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது. அப்படி வந்தாலும் நிற்கக் கூடாது என்று ஓடினாள். மேட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. காற்றோடு ஒரு பெரிய இரைச்சலும் வந்தது. காலையில் குன்றின் முகப்பில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த பறவைகள், நூற்றுக்கணக்கில், ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஆகாயத்தில் சுற்றிச் சுற்றிக் கதறிக்கொண்டிருந்தன.

“கத்தியிருக்காங்க” என்றார் ரேஞ்சர். “ரொம்ப நேரமா கத்தியிருக்காங்க.”

குன்றின் விளிம்பில் இருவரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள். முதலில் டீச்சர் கண்ணுக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. பாறைத் தளம், பலகைப் பாதை, கயிறு எதுவும் இல்லை. எட்டாம் கம்பத்தின் தலை மட்டும் அலைக்கு அலை தெரிந்து மறைந்தது. அப்புறம்தான் நேர் கீழே, குன்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற தங்கையின் தலை தெரிந்தது. இடுப்பு வரை தண்ணீர். ஓர் அலை வந்தால் தோள் வரை. அவள் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

இருபது வருஷமாக ரகசியம் பேசிய ரேஞ்சர் அப்போது கத்தினார். அந்த ஒல்லி உடம்பில் அப்படியொரு குரல் இருக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். மேலே பாரும்மா, பாறையை விடாதே, ஏணி வருது என்று கத்தினார். தங்கையின் முகம் மேலே திரும்பியது. இரண்டு பனை உயரத்துக்குக் கீழே, சின்னதாக, வெள்ளையாக.

விளிம்பில் அடித்திருந்த இரும்புக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் கயிற்றேணி. ரேஞ்சர் ஏணியைக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு, சுருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். ஏன் நிற்கிறார் என்று டீச்சருக்குப் புரியவில்லை, போடுங்க, போடுங்க என்று பதறினாள். அப்புறம் எட்டிப் பார்த்தபோது புரிந்தது. ஏணி விழவேண்டிய தடத்தில் குன்றின் முகத்தில் ஒரு திட்டு, திட்டு முழுக்கக் கூடுகள், கூடுகளில் புள்ளி போட்ட முட்டைகள். வேறு இடத்தில் கொக்கி இல்லை. ரேஞ்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏணியை வீசினார். அது திட்டின் மேல் விழுந்து, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கீழே இறங்கியது.

தங்கை ஏணியைப் பிடிக்க வந்தாள். முதல் தடவை அலை அவளைப் பக்கவாட்டில் அடித்துப் பாறையில் மோதியது. தலை மறைந்தது. டீச்சர் மனசுக்குள் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, அவளைத்தான் கூப்பிட்டாள், வாடி, வாடி, வாடி. தலை வெளியே வந்தது. இரண்டாவது தடவை ஒரு கை ஏணியில் சிக்கியது. ஒரு படி ஏறினாள். நின்றாள். விறைத்துப்போன விரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுப்பது மேலிருந்தே தெரிந்தது. முழங்கையை உள்ளே நுழைத்து நுழைத்து ஏறினாள். கொக்கி இரும்பு, அது பத்துப் பேரைத் தாங்கும். இருந்தாலும் டீச்சர் இரண்டு கையாலும் ஏணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், தான் விட்டால் எல்லாம் போய்விடும் என்பது போல. நடுவழியில் ஏணி முறுக்கிக்கொண்டு தங்கை பாறைக்கு முதுகு காட்டித் தொங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரேஞ்சர் கத்திக்கொண்டே இருந்தார், அடுத்த படி, அடுத்த படி.

கடைசியில் ரேஞ்சர் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, டீச்சர் கையைப் பிடித்து இழுக்க, தங்கை புல்லில் வந்து விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம், உதடு நீலம், பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ரேஞ்சர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார்.

பேச்சு வர வெகுநேரம் ஆனது. வந்ததும் கரகரவென்று வந்தது.

“பொருந்திடுச்சு, அக்கா” என்றாள். “அஞ்சாம் வரிசை. காலையில ஏழு எண்ணினேன், போய்ப் பார்த்தா ஆறுதான் இருந்துச்சு. வெச்சதும் ஏழாயிடுச்சு. திரும்பி வர்றதுக்குள்ள ஆறாம் கம்பத்துக்கிட்ட தண்ணி வந்துடுச்சு.”

அப்படியென்றால் இவள் இரண்டாம் கம்பத்துக்குப் போகவே இல்லை. நேராக எட்டுக்குத்தான் போயிருக்கிறாள்.

“ரெண்டாம் கம்பத்துல பாறை வெள்ளை” என்றாள் தங்கை. “எலும்புல ஒட்டியிருந்தது கறுப்பு. நீ சொன்னப்பவே தெரியும்.” அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, “அதனாலதான் நான் அவ்வளவு பயப்படலை, முதல்ல. எங்கே எடுத்தோம்னு அக்காவுக்குத் தெரியும், நேரா இங்கேதான் ஆளைக் கூட்டிட்டு வருவான்னு நின்னேன். தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. இடுப்புக்கு வந்துச்சு. அப்பவும் இதோ வந்துடுவான்னு நெனச்சேன். ஏன் இவ்வளவு நேரம்?” என்றாள்.

ரேஞ்சர் ஏணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். படிகளில் மஞ்சள் கருவும் இறகும் ஒட்டியிருந்தன. அவர் தலை நிமிரவில்லை, ஆனால் சுருட்டுவதை நிறுத்திவிட்டார். வழியில் செருப்பு அறுந்தது என்று சொல்லலாம். கதவு பூட்டியிருந்தது என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். டீச்சரின் வாய் வரைக்கும் வந்தது.

“முதல்ல ரெண்டாம் கம்பத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்” என்றாள்.

தங்கை கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. கழிப்பறையில் எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளே, அதே பார்வை. பார்த்து முடித்துவிட்டு, டீச்சரின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். ரேஞ்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மூவரும் இறங்கினார்கள். மேலே பறவைகள் இன்னும் உட்காரவில்லை. ரேஞ்சர் குடிசையில் ஹீட்டரைப் போட்டு, ஊர்க்காரர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டதைச் சொன்னார். பதிவேட்டை எடுத்து, கூடு ஒன்பது, முட்டை எத்தனை என்று தெரியவில்லை என எழுதினார். புகார் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்றார், பழைய ரகசியக் குரலில். டீச்சர் தலையாட்டினாள். மத்தியானம் அந்த ஒரு வாக்கியம் வராதிருக்க உலகத்தையே விற்றிருப்பாள், இப்போது அது காதில் விழுந்து மறுபக்கம் போய்விட்டது. அவள் கண் தங்கையை விட்டு நகரவில்லை.

புறப்படும்போது ரேஞ்சர் சட்டைப்பையிலிருந்து பதினோராம் வில்லையை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். தங்கை பலகைக்கு முன்னால் போய் நின்றாள். விரல்கள் இன்னும் வளையவில்லை, வில்லையின் கயிறு ஆணியில் மாட்டாமல் நழுவி நழுவி விழுந்தது. குடு, நான் மாட்டறேன் என்று டீச்சர் கை நீட்டினாள். தங்கை உடம்பைத் திருப்பி, வில்லையை அவளுக்கு எட்டாத பக்கமாகக் கொண்டுபோய், இரண்டு கையாலும் பிடித்து, தானே மாட்டினாள். மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள், ஓரமாக, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் இல்லாதபடி.

பலகையில் இன்னும் ஓர் ஆணி காலியாக இருந்தது. டீச்சர் பன்னிரண்டாம் வில்லையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். கண் வெளியே பெஞ்சிலேயே இருந்ததில் கயிறு ஆணியில் ஏறாமல் நழுவியது. ரேஞ்சர் சாவியோடு காத்துக்கொண்டிருந்தார், உதவ வரவில்லை.